ஏற்காட்டில் வாசித்த பெயர்கள்

சுற்றுலா வருகிறவர்களுக்கு ஏற்காடு அடிவாரத்தில் ஆரம்பிக்கும். எனக்கு அது அஸ்தம்பட்டியிலேயே ஆரம்பித்துவிடும், மத்தியச் சிறையின் மதிலைத் தாண்டும்போது. எத்தனையோ வருடம் அந்த வாசலில் கோப்போடு நின்றவள் நான். இந்த ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேனில் அதே மதிலைக் கடந்தபோது என் மடியில் கோப்பு இல்லை. பழுப்பு அட்டை போட்ட ஒரு நீள நோட்டு இருந்தது. இறந்துபோன எங்கள் ஆசிரியர்கள், உடன் படித்தவர்கள், முன்னும் பின்னும் படித்தவர்கள் எல்லாருடைய பெயரும் அதில் இருக்கிறது.

நான் 1986 முதல் 88 வரை குற்றவியல் எம்.ஏ. படித்தேன். சேலம் அம்மாப்பேட்டையில் தறி ஓடும் வீட்டிலிருந்து சென்னைக்குப் போய்ப் படித்த படிப்பு. ஊரில் யாருக்கும் அது என்ன படிப்பு என்று தெரியாது. "வக்கீலுக்கா?" என்பார்கள். இல்லை என்றால், "அப்போ போலீஸுக்கா?" அதுவும் இல்லை என்றால் அம்மாவைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். மனிதர்கள் ஏன் குற்றம் செய்கிறார்கள், அதற்குச் சமூகம் என்ன பதில் செய்கிறது, அடிபட்டவரின் கதி என்ன என்பதைப் பற்றிய படிப்பு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார்.

படித்து முடித்தால் 'குற்றவியலாளர்' என்று ஒரு வேலை எங்கேயும் கிடையாது. ஆளுக்கொரு பக்கம் சிதறினோம். சிலர் என்னைப் போல நன்னடத்தை அலுவலர் ஆனார்கள். சிலர் சிறை நல அலுவலர், சிலர் கல்லூரி ஆசிரியர், சிலர் தொண்டு நிறுவனங்களில். இரண்டு பேர் வங்கிக்குப் போய்விட்டார்கள். ஒருவன் உரக்கடை வைத்தான். அதனால் எங்களில் ஒருவர் இறந்தால், இவர் இன்னது தெரிந்தவர், இன்னது செய்தவர் என்று சொல்ல ஆள் இருக்காது. அலுவலகத்தில் ஒரு மாலை வாங்குவார்கள். வீட்டில் சாமி கும்பிடுவார்கள். அவர் முப்பது வருடம் எதைப் பார்த்தார், எதைத் தடுத்தார் என்பது அவரோடு போய்விடும்.

எங்கள் பெரிய சார் இறந்தபோது அப்படித்தான் ஆயிற்று. பத்திரிகையில் நாலு வரி வந்தது. நாலு வரியும் பட்டங்கள். அதைப் படித்துவிட்டு எங்களுக்கு முந்தைய வருடத்து அக்கா ஒருவர் எல்லாருக்கும் போன் போட்டார். ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு காப்பித் தோட்டமும் பழைய ஓட்டு வீடும் உண்டு. "வாங்க, உக்காந்து பேசுவோம்" என்றார். அன்றைக்கு ஆறு பேர் போனோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜனவரியும் போகிறோம். இந்த வருடம் பதினோரு பேர்.

அங்கே ஒரே ஒரு விதி. ஒருவரின் பெயரை வாசித்தால், அவரைத் தெரிந்தவர் யாராவது தன் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நல்லவர், வல்லவர், தங்கமானவர் என்றெல்லாம் சொல்லக் கூடாது. என்ன செய்தார், எப்போது, எங்கே, யார் இருந்தார்கள் என்று சொல்ல வேண்டும். இந்த விதி எங்களுடையது இல்லை, பெரிய சாருடையது. தண்டனைக்கு முன் நீதிமன்றத்துக்கு நன்னடத்தை அலுவலர் கொடுக்கும் அறிக்கையை எப்படி எழுதுவது என்று அவர் சொல்லிக் கொடுத்தபோது கரும்பலகையில் ஒரு வரி எழுதினார்: 'குணத்தை எழுதாதே. கண்டதை எழுது.' பையன் முரடன் என்று எழுதினால் நீதிபதிக்கு ஒன்றும் தெரியாது. பையன் தினமும் பள்ளி விட்டதும் தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் நிற்பான் என்று எழுதினால் தெரியும். 1958-ஆம் வருட நன்னடத்தைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் ஒருவனைச் சிறைக்கு அனுப்பாமல் வீட்டுக்கு அனுப்ப நீதிபதிக்கு இடம் இருக்கிறது. அந்த இடத்தை அவர் பயன்படுத்துவதும் பயன்படுத்தாததும் பல சமயம் நாம் எழுதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது என்பார் சார்.

இந்தக் கட்டுரையில் நான் யார் பெயரையும் எழுதப் போவதில்லை. வீட்டார் சிலர் வேண்டாம் என்றார்கள். அதோடு எங்களுக்குப் பெயரை மறைத்தே பழக்கம். இளைஞர் நீதிச் சட்டத்தில் குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று தனிப் பிரிவே உண்டு, 2015 சட்டத்தில் அது 74. முப்பது வருடம் 'மேற்படி சிறுவன்', 'மேற்படி நபர்' என்று எழுதிய கை இது. நோட்டில் முழுப் பெயர் இருக்கிறது, இனிஷியலோடு. ஏற்காட்டில் அதைச் சத்தமாக வாசிக்கிறோம். இங்கே ஊர்ப் பெயர் போதும். ஹாஸ்டலில் எல்லாருக்கும் ஊர்தான் பெயர். நான் 'சேலம்'.

முதல் நாள் வகுப்பிலேயே பெரிய சார் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த ஊரும்மா?"

"சேலம் சார்."

"சேலமா? அப்புறம் நீ எதுக்கு இங்க வந்த? பாடம் பூரா உன் ஊர்லதானே இருக்கு?"

வகுப்பு சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் கேலிக்குச் சொல்லவில்லை. விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். இந்தியாவிலேயே முதல்முதலாக மதுவிலக்கு வந்த மாவட்டம் எது? 1937 அக்டோபர் 1, சேலம். ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக (இன்றைய முதல்வர் பதவிதான்) இருந்தபோது தன் சொந்த மாவட்டத்தில் ஆரம்பித்தார். முதல் நாள் ராத்திரி வரை குடித்தவன் வெறும் குடிகாரன், மறுநாள் காலையில் அவனே குற்றவாளி. ஆள் மாறவில்லை, சட்டம் மாறியது. "குற்றம்னா என்னன்னு நான் ஒரு மாசம் நடத்துறத அந்த ஒரு ராத்திரி சொல்லிடும்" என்றார். அடுத்த விரல், சேலம் விஜயராகவாச்சாரியார். 1882 கலவர வழக்கில் பத்து வருடத் தண்டனை விதிக்கப்பட்டு, உயர் நீதிமன்றத்தில் குற்றமற்றவர் என்று வெளியே வந்தவர். பின்னால், 1920-இல் நாகபுரி காங்கிரசுக்கே தலைமை தாங்கினார். மேல்முறையீடு செய்யப் படிப்பும் பணமும் இருந்த ஒருவர் தப்பித்தார். இல்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்று போய்த் தேடு. மூன்றாவது விரல், 1950 பிப்ரவரி 11. நாடு குடியரசாகிப் பதினாறே நாள். சேலம் சிறைக்குள் கம்யூனிஸ்டுக் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு. 22 பேர் செத்துப்போனார்கள், பெரும்பாலோர் மலபார் பக்கத்துக்காரர்கள்.

இருபத்தொரு வருடம் அந்த ஊரில் வளர்ந்தவள் நான். அந்த மதிலை ஒட்டிப் பஸ்ஸில் ஏற்காட்டுக்குச் சுற்றுலா போயிருக்கிறேன். உள்ளே 22 பேர் செத்தது எனக்குத் தெரியாது.

அந்த முதல் பருவத்துக் கட்டுரைக்குச் சேலத்தையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். தீபாவளி விடுமுறையில் ஊருக்கு வந்து பாட்டியிடம் மதுவிலக்கைக் கேட்டேன். பாட்டிக்குச் சட்டம், குற்றவாளி எல்லாம் தெரியாது. "அந்த மாசம்தான் உங்க தாத்தா கூலிக் காசு முழுசா வீட்டுக்கு வந்துச்சு. எனக்கு ஒரு சேலை எடுத்தாரு" என்றார். இதைச் சாரிடம் சொன்னேன். என் வாதத்துக்கு இது இடிக்கிறதே, விட்டுவிடலாமா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ரெண்டையும் எழுது. அடுத்தடுத்த பத்தியில எழுது. படிக்கிறவன் தவிக்கட்டும்."

நான்காவது விரலும் இருந்தது. அதற்குத்தான் அவர் என்னை நிஜமாக அனுப்பினார். 1871-இல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இங்கே 1947-இல் நீக்கினார்கள், நாடு முழுக்க 1952-இல். சேலம் மேல்நாடு கொறவர், சேலம் உப்புக் கொறவர், ஆத்தூர் கீழ்நாடு, ஆத்தூர் மேல்நாடு என்று இன்றைக்கும் தமிழக அரசின் சீர்மரபினர் (அந்தச் சட்டத்திலிருந்து விடுபட்ட சாதியினர்) பட்டியலில் இருக்கிற பெயர்களைப் பாருங்கள். பாதிப் பெயரில் எங்கள் மாவட்டம் இருக்கிறது. பிறப்பாலேயே ஒருவரைக் குற்றவாளி என்று பதிவேட்டில் ஏற்றிய சட்டம். அதன் கீழ் வாழ்ந்த ஒருவரையாவது நேரில் பார்த்துவிட்டு வா என்றார் சார்.

ஆத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு பெரியவர் கிடைத்தார். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். வேப்பமரத்தடியில் கூடை முடைந்துகொண்டிருந்தார். இளவயதில் ராத்திரியில் போலீசிடம் போய்த் தலையைக் காட்டிவிட்டு வர வேண்டும், வெளியூர் போனால் சீட்டு வாங்க வேண்டும் என்று சொன்னார். "பொண்டாட்டிக்கு வலி எடுத்த ராத்திரியும் போய்த்தான் நின்னேன்." சொல்லும்போது கை நிற்கவே இல்லை. மூங்கில் பத்தை உள்ளே போய் வெளியே வந்துகொண்டே இருந்தது. நான் நோட்டைத் திறந்து, "ஐயா, உங்க பேரு?" என்றேன். அப்போதுதான் கை நின்றது.

"எம் பேரு வேணாம் தாயி. ஒரு தடவ எழுதினாங்களே, அதுவே போதும்."

கட்டுரையில் 'ஒரு பெரியவர்' என்று எழுதினேன். ஆய்வு முறைப்படி தகவல் தந்தவரின் விவரம் வேண்டுமே என்று எனக்குப் பயம். சார் அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஓரத்தில் பென்சிலால் 'சரி' என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தார். அந்தத் தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. பெரிய சாரின் பெயரை வாசிக்கும்போதெல்லாம் நான் சொல்வது அந்தப் பென்சில் 'சரி'யைத்தான். ஒவ்வொரு வருடமும் அதையே சொல்கிறேன். யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

மற்றவர்கள் வேறு வேறு சொல்வார்கள். லொம்ப்ரோசோ வகுப்பைச் சொல்லாமல் யாரும் விடமாட்டார்கள். குற்றவாளியை முகத்தை வைத்தும் மண்டையை அளந்தும் கண்டுபிடிக்கலாம் என்று சொன்ன இத்தாலிய மருத்துவர் அவர். 1909-இல் இறந்தார். கைதிகளின் மண்டை ஓடுகளைச் சேர்த்து அருங்காட்சியகம் வைத்தவர், கடைசியில் தன் உடலையும் அதற்கே எழுதி வைத்தார். அவருடைய எலும்புக்கூடு இன்றும் டூரின் நகரத்தில் நிற்கிறது. சார் இதைச் சொல்லிவிட்டு வகுப்பு முடியும் வரை வேறு எதையும் நடத்தவில்லை. எங்களை ஜோடி ஜோடியாக உட்கார வைத்து, எதிரே இருப்பவரின் முகத்தை ஐந்து நிமிடம் பார்க்கச் சொன்னார். "இப்ப சொல்லு, இவன் திருடுவானா?" நான் எதிரே இருந்த 'தேனி'யின் முகத்தைப் பார்த்தேன். அவன் மூக்கின் மேல் ஒரு அம்மைத் தழும்பு இருந்தது. அது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

தேனியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் கணக்கு மேடம்.

எங்களுக்குப் புள்ளியியல் எடுத்தவர். மெல்லிய குரல், எப்போதும் கைத்தறிச் சேலை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அப்போதுதான், 1986-இல், தொடங்கியிருந்தது. குற்றப் புள்ளிவிவரத் தொகுதிகள் 1953-இலிருந்தே வந்துகொண்டிருந்தன. அந்தத் தடித்த புத்தகத்தை மேசை மேல் வைத்துவிட்டு மேடம் கேட்டார்: "போன ஒரு வருஷத்துல யாருக்கெல்லாம் ஏதாவது திருடு போச்சு? கையைத் தூக்குங்க." பாதிக் கைகள் மேலே போயின. சைக்கிள், பேனா, பர்ஸ், ஹாஸ்டல் கொடியில் காய்ந்த பேண்ட். "போலீஸ்ல சொன்னவங்க மட்டும் கையை வச்சுக்கோங்க." இரண்டு கை மிஞ்சியது. "இறக்குனீங்களே, அந்தக் கையெல்லாம் இந்தப் புத்தகத்துல இல்ல. இது நடந்த குற்றத்தோட கணக்கு கிடையாது, எழுதின குற்றத்தோட கணக்கு. எண்ணிக்கை ஏறினா குற்றம் ஏறிச்சுன்னும் இருக்கலாம், மக்கள் தைரியமா வந்து சொன்னாங்கன்னும் இருக்கலாம்."

அதோடு முடிந்திருந்தால் அது ஒரு நல்ல வகுப்பு, அவ்வளவுதான். மேடம் கொஞ்சம் நிறுத்திவிட்டு இன்னொன்று கேட்டார். "பஸ்ல யார் மேல எல்லாம் கை பட்டிருக்கு? வேணும்னே பட்ட கை." எங்கள் வகுப்பில் ஏழு பெண்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் மதுரைக்காரி தூக்கினாள். பிறகு நான். ஏழு கையும் மேலே போனது. அப்புறம் மேடம் தன் கையையும் தூக்கினார். புகார் கொடுத்தவர் யார் என்று அவர் கேட்கவே இல்லை. பையன்கள் பக்கம் ஒரு சத்தம் இல்லை.

பத்து வருடம் கழித்து, 1998-இல், சென்னையில் ஒரு கல்லூரி மாணவி பலியான பிறகுதான் தமிழ்நாட்டில் பெண்களைச் சீண்டுவதற்கு எதிராகத் தனிச் சட்டம் வந்தது. அன்றைக்கு நான் மேடத்துக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் பண்ணினேன். "செத்தாத்தான் கணக்குல எழுதுறாங்கம்மா" என்றார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச வரவில்லை. மேடம் போய் ஆறு வருடம் ஆகிறது. அவர் பெயரை வாசிக்கும்போது எங்கள் வகுப்புப் பெண்களில் வந்திருப்பவர்கள் கையைத் தூக்குவோம். யாரும் சொல்லி வைத்துச் செய்ததில்லை, முதல் வருடம் மதுரைக்காரி தூக்கினாள், அப்படியே வந்துவிட்டது.

மதுரைக்காரியும் இப்போது இல்லை. 2021 மே மாதம். ஆக்சிஜனுக்கு அலைந்த நாட்கள். கடைசியில் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தார்கள். முகத்தைக்கூட யாரும் பார்க்கவில்லை. அவளைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

தர்மபுரிக்காரர் எங்களுக்கு மூன்று வருடம் முன்னால் படித்தவர். கல்லூரியில் பாடம் எடுத்தார். சின்னத் திருட்டு, குடித்துவிட்டுத் தெருவில் கத்துவது இதற்கெல்லாம் சிறை எதற்கு, உள்ளே போய்ப் பெரிய திருட்டைக் கற்றுக்கொண்டு வரவா, சமூகத்துக்கு ஏதாவது வேலை செய்யச் சொல்லுங்கள் என்று இருபத்தைந்து வருடம் போகிற கருத்தரங்கில் எல்லாம் பேசினார். கேட்பவர்கள் தூங்குவார்கள். அவர் 2019-இல் போய்விட்டார். 2024 ஜூலை 1 அன்று, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதில் சமூக சேவையும் ஒரு தண்டனை. முதல்முறை திருடியவன், பொருள் ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைவு, திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால் அவனுக்கு அதுதான். குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்தவனுக்கும் அதை விதிக்கலாம். அடுத்த ஜனவரியில் அவர் பெயர் வந்தபோது, உரக்கடைக்காரன் அந்தச் சட்டப் பிரிவை எழுந்து நின்று முழுசாக வாசித்தான். வாசித்து முடித்துவிட்டு, "அண்ணே, வந்துருச்சு" என்றான்.

சரி, தேனிக்கு வருகிறேன்.

போன ஆடியில் இறந்தான். காலையில் நடைப்பயிற்சிக்குப் போனவன் பாதி வழியில் உட்கார்ந்தான், எழவில்லை. இந்த வருடம் நோட்டில் புதிதாக ஏற வேண்டிய பெயர் அவனுடையது. அவன் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். நான் கூப்பிட்டேன். முதலில் தயங்கினாள். "அத்தை, நான் வந்து என்ன சொல்றது? அப்பா வேலையைப் பத்தி வீட்ல ஒரு வார்த்தை பேசினது இல்ல. ஜெயில்ல ஆபீசர்னு மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். அடிப்பாரோன்னு சின்ன வயசுல பயந்துக்குவேன்."

அந்தக் கடைசி வரி எனக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. நீ எதுவும் சொல்ல வேண்டாம், வந்து கேள் என்றேன்.

தேனி பல ஊர்ச் சிறைகளில் நல அலுவலராக இருந்தவன். அதில் சில வருடங்கள் சேலத்தில். அப்போது நானும் சேலத்தில் இருந்தேன். அவன் மதிலுக்கு உள்ளே, நான் வெளியே. தண்டனைக் கைதி ஒருவர் விடுப்பில் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் நன்னடத்தை அலுவலர் அந்த ஊருக்குப் போய் விசாரித்து அறிக்கை தர வேண்டும். 1982 விதிகளின்படி சாதாரண விடுப்பு, அவசர விடுப்பு என்று இரண்டு உண்டு. வெளியே எல்லாரும் அதைப் பரோல் என்றுதான் சொல்வார்கள். கோப்பு என் மேசையில் இரண்டு நாள் கிடந்தால் தேனியிடமிருந்து போன் வரும். "ஏய் சேலம், உன் ஊருல பஸ் ஓடுதா இல்லையா?"

ஏற்காட்டில் நான் சொன்னது ஒரே ஒரு காலைப் பொழுதை. வேறு ஒரு கோப்புக்காக அன்று சிறைக்குப் போயிருந்தேன். கைதிகளை மனு போட்டுப் பார்க்க வந்த சனம் வெளியே மரத்தடியில் தூக்குச் சட்டிகளோடு உட்கார்ந்திருந்தது. தேனியின் அறையில் ஒரு ஆயுள் தண்டனைக் கைதி நின்றுகொண்டிருந்தார். வாழப்பாடியைத் தாண்டி உள்ளே ஒரு ஊர். விடியற்காலையில் அவருடைய அம்மா இறந்துவிட்டார். மூத்த மகன். கொள்ளி வைக்க வேண்டும். தேனி அவசர விடுப்பு உத்தரவுக்காக மேசை மேசையாக நடந்து கையெழுத்து வாங்கி, வழிக்காவலுக்குப் போலீசுக்குப் போன் மேல் போன் போட்டு, பத்து மணிக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டான். அப்போதுதான் தெரிந்தது, அந்த மனிதருக்கு உடுத்திக்கொண்டு போக ஒன்றும் இல்லை. உள்ளே வந்தபோது வாங்கி வைத்த சட்டையையும் கால்சட்டையையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒன்பது வருடம் மூட்டையில் கிடந்த துணி. கால்சட்டை இடுப்பில் ஏறவில்லை, மடிப்பில் கை பட்ட இடத்தில் கிழிந்துவிட்டது. கைதி உடையில் அம்மாவுக்குக் கொள்ளி வைக்க முடியாது என்று அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. கிழிந்த இடத்தை விரலால் மூடிக்கொண்டு நின்றார்.

தேனி தன் பையைத் திறந்தான். அன்றைக்குச் சாயங்காலம் ஏதோ கல்யாண வரவேற்புக்குப் போவதற்காக ஒரு வேட்டி, சட்டை வைத்திருந்தான். கரை போட்ட புது வேட்டி, ஸ்டிக்கர்கூடப் பிரிக்கவில்லை. ஸ்டிக்கரைப் பிரித்து, வேட்டியை உதறி அவர் கையில் கொடுத்தான். கட்டத் தெரியாதவர்போல அவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். தேனி சுற்றி வந்து, தன் அப்பாவுக்குக் கட்டிவிடுகிற மாதிரி இடுப்பில் சுற்றி, முனையைச் செருகிவிட்டான். பிறகு ஒரு அடி பின்னால் தள்ளி நின்று, கரை நேராக இருக்கிறதா என்று பார்த்தான். "போய்ட்டு வாங்க. நேரத்துக்குத் திரும்பிடுங்க, இல்லன்னா அடுத்த ஆளுக்கு லீவு கிடைக்காது" என்றான். அவ்வளவுதான் பேசினான்.

அவர் நேரத்துக்குத் திரும்பினார். ஒரு வாரம் கழித்து நான் போனபோது மேசை மேல் அந்த வேட்டி இருந்தது. உள்ளே துவைத்து, கஞ்சி போட்டு, தேய்ப்புப் பெட்டி இல்லாததால் பாய்க்கு அடியில் வைத்து மடிப்பு எடுத்திருந்தார்கள். மடிப்பு கத்தி மாதிரி இருந்தது. தேனி அதைப் பிரிக்காமல் அப்படியே அலமாரியில் வைத்துக்கொண்டான்.

நான் சொல்லி முடித்தபோது ஓட்டு வீட்டுத் திண்ணையில் யாரும் பேசவில்லை. களத்தில் பழக் காப்பி காய்ந்துகொண்டிருந்தது, அந்தப் புளித்த வாசனை காற்றில் வந்தது. கீழே சரிவில் பழம் பறிக்கும் பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் சத்தம். தேனியின் மகள் தலையைக் குனிந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அத்தை, கருநீலக் கரையா?" என்றாள்.

"ஆமா."

"அது வீட்ல இருக்கு. அப்பா பீரோவுல. மடிப்புப் பிரிக்காம இருக்கும். அம்மா ஒரு தடவை எடுத்து யாருக்கோ குடுக்கப் போனாங்க, அப்பா கத்திட்டாரு. ஏன்னு எங்களுக்குப் புரியவே இல்ல."

எங்கள் அக்கா நோட்டையும் பேனாவையும் அவள் முன்னால் வைத்தார். புதுப் பெயரை எப்போதும் அக்காதான் எழுதுவார். இந்த முறை அவள் எழுதினாள், அப்பாவின் இனிஷியல், பெயர், பிறந்த ஊர், இறந்த தேதி. எழுதிவிட்டு மை காயும் வரை ஊதினாள்.

சாயங்காலம் இறங்கும்போது பனி மூடிவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். எதிரே ஏறுகிற பஸ்ஸின் விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரியும், பிறகு பஸ் தெரியும். அவள் என் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அடிவாரம் வரை ஒன்றும் பேசவில்லை. கோரிமேடு தாண்டி அஸ்தம்பட்டிப் பக்கம் வந்து, மதில் தெரிந்தபோது ஓட்டுநரிடம், "அண்ணா, கொஞ்சம் நிறுத்துறீங்களா?" என்றாள்.

வண்டி ஓரமாக நின்றது. அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"இதுல எந்த வாசல் வழியா அத்தை அப்பா உள்ள போவாரு?"

நான் கையை நீட்டிக் காட்டினேன்.